வேகம் கூடியது சரி, யாருடைய பங்கிலிருந்து?

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில், வலையமைப்பில் நெரிசல் வராதபடி அனுப்பும் வேகத்தைச் சீராக்கும் பகுதிக்கு நெரிசல் கட்டுப்பாடு என்று பெயர். அதைத் தொடும் பேட்ச், அதாவது நிரல் மாற்றம், ரிவ்யூவுக்கு வரும்போது, பெரும்பாலும் கூடவே ஒரு வரைபடமும் வரும். முன்பு இவ்வளவு வேகம், இப்போது இவ்வளவு என்று கோடு மேலே ஏறியிருக்கும். ரிவ்யூ செய்கிறவரின் கவனத்தைத் திசைதிருப்புவது அந்த வரைபடம்தான் என்பது என் அனுபவம். ஒரே ஒரு இணைப்பு வேகமாகப் போவதற்குப் பெரிய வித்தை எதுவும் வேண்டாம். பேக்கெட் (தரவுத் துண்டு) தொலைந்தாலும் விண்டோவை, அதாவது பதில் வருவதற்குள் அனுப்பிவைக்கும் தரவின் அளவை, குறைக்காமல் அனுப்பிக்கொண்டே இருந்தால் போதும். அதே பாதையில் போகும் மற்ற இணைப்புகள் ஒதுங்கி வழிவிடும். கோடு அழகாக ஏறும்.

எல்லோரும் அப்படி அனுப்பினால் என்ன ஆகும் என்பது 1986 அக்டோபரில் தெரிந்தது. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையே சுமார் 400 கஜம்தான் தூரம். அங்கே விநாடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த இணைப்பு 40 பிட்டுக்கு விழுந்தது. அதன் காரணத்தைத் தேடித்தான் வலையமைப்பு ஆய்வாளர் வான் ஜேக்கப்சன் 1988-இல் தீர்வுகளை முன்வைத்தார். இன்றும் அந்த ஏற்பாட்டின் அடிப்படை மாறவில்லை: நெரிசல் தெரிந்ததும் அனுப்புகிறவர் தானாகவே குறைத்துக்கொள்கிறார். குறைக்காத ஒருவரை ரவுட்டர் பொதுவாகக் கண்டுபிடித்துத் தண்டிப்பதில்லை. அதனால்தான் இந்தப் பகுதியில் ரிவ்யூவுக்கு இவ்வளவு பொறுப்பு இருக்கிறது. சோதனையில் இடம்பெறாத மற்ற இணைப்புகளுக்காகப் பேச அங்கே வேறு ஆள் இல்லை.

ஆகவே நான் முதலில் கேட்பது, கியூபிக்கோடு சேர்த்து ஓடவிட்டீர்களா என்பதுதான். 2006 முதல் லினக்ஸில் இயல்பாக ஓடும் நெரிசல் கட்டுப்பாட்டு வழிமுறை அதுதான். குறுகலான ஒரே பாதையில், பஃபர் (பேக்கெட்டுகள் காத்திருக்கும் இடம்) சிறியதாக ஒரு முறை, பெரியதாக ஒரு முறை, இரு பக்கமும் தாமதம் வேறுவேறாக ஒரு முறை பார்க்க வேண்டும். 2016-இல் கெர்னல் 4.9-இல் வந்த பிபிஆர் என்ற வழிமுறை நன்கு சிந்தித்து, பெரிய அளவில் அளந்து எழுதப்பட்டது. அதுவே பஃபர் சிறியதாக உள்ள பாதைகளில் கியூபிக்கை நெருக்கித் தள்ளுவதும், மறு அனுப்பல்களைக் கூட்டுவதும் பின்னர் தெரியவந்தது. அடுத்த பதிப்புகளில் பேக்கெட் இழப்பையும் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். இன்னொன்று, தாமதத்தைச் செயற்கையாகச் சேர்க்கும் நெட்எம் என்ற கருவி, அனுப்புகிற கணினியிலேயே ஓடினால் முடிவை நம்ப முடியாது. கெர்னலின் சொந்த வரிசைக் கட்டுப்பாடு அதோடு கலந்துவிடும். நடுவில் தனிக் கணினி வையுங்கள்.

அப்புறம், இணைப்பு சும்மா இருக்கும் நேரம். இதைச் சோதிக்காமல் அனுப்புகிறவர்கள்தான் அதிகம். 2015-இல் கியூபிக்கிலேயே இப்படி ஒரு பிழை பிடிபட்டது. கடைசியாக விண்டோவைக் குறைத்த பிறகு எவ்வளவு நேரம் ஆகியிருக்கிறது என்பதை வைத்து, ஒரு முப்படிக் கோட்டின் வழியே கியூபிக் விண்டோவை வளர்க்கிறது. அனுப்ப எதுவும் இல்லாமல் செயலி சில விநாடி சும்மா இருந்தாலும் அந்தக் கடிகாரம் நிற்காது. செயலி மறுபடி அனுப்பத் தொடங்கும்போது, இவ்வளவு நேரமும் நெரிசலே வரவில்லை என்று எண்ணிக்கொண்டு கியூபிக் தாவும். பேக்கெட் போய்ப் பதில் வரும் ஒவ்வொரு சுற்றுக்கும் விண்டோ ஒன்றரை மடங்கு ஆகும். சும்மா இருந்தபின் மெதுவாகத் தொடங்கும் அமைப்பை அணைத்துவைத்த கணினிகளில் இது நன்றாகவே தெரிந்தது. ஒன்பது ஆண்டுகள் உலகம் முழுக்க ஓடிய நிரல் அது!

திருத்தம் எளிதாகத்தான் தெரிந்தது: சும்மா இருந்த நேரத்தைக் கடிகாரத்தின் தொடக்கப் புள்ளியோடு கூட்டிவிடலாம். ஆனால் சும்மா இருந்த நேரம் கணக்கிடப்பட்டது பேக்கெட்டை அனுப்பிய நேரத்திலிருந்து. தொடக்கப் புள்ளி குறிக்கப்படுவதோ பேக்கெட் கிடைத்தது என்ற ஒப்புகை வந்து சேரும்போது. இரண்டையும் கூட்டினால் சில சமயம் தொடக்கப் புள்ளி எதிர்காலத்தில் போய் நிற்கும். இப்போதைய நேரத்திலிருந்து அதைக் கழித்தால், எதிர்மறை மதிப்பே இல்லாத குறியில்லா எண்ணில் விடை மிகப் பெரியதாகிவிடும். விண்டோ மறுபடியும் வேகமாக வீங்கும். அதே மாதத்தில் திருத்தத்துக்கு இன்னொரு திருத்தம் போட வேண்டியதாயிற்று. புதியவர்களுக்கு நான் இந்த இரண்டு பேட்ச்களையும் அடுத்தடுத்துப் படிக்கச் சொல்வேன். இரண்டு நேரங்களைக் கூட்டும், கழிக்கும் வரி எங்கே வந்தாலும் நின்று, இரண்டும் ஒரே நிகழ்விலிருந்து எடுத்தவையா, விடை எதிர்மறையாக முடியுமா என்று கேட்கும் பழக்கம் அதிலிருந்து வரும்.

கணக்கைப் பற்றி இன்னும் கொஞ்சம். கெர்னலுக்குள் மிதவைப் புள்ளி எண்கள் பயன்படுத்துவதில்லை. கியூபிக்கின் 0.7 என்ற பெருக்கு எண்கூட 717-ஐ 1024-ஆல் வகுத்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது. எனவே எந்தப் பெருக்கல் 32 பிட்டைத் தாண்டும், எந்த வகுத்தலில் மீதி தொலைந்து விடை பூஜ்யமாகும் என்று காகிதத்தில் போட்டுப் பார்ப்பேன். கெர்னல் நேரத்தை எண்ணும் ஜிஃபீஸ் எண்ணி, கணினி தொடங்கிய ஐந்தாவது நிமிடத்திலேயே 32 பிட் எல்லையைக் கடந்து சுழியும்படி வைத்திருக்கிறார்கள். பிழைகள் சீக்கிரம் வெளியே வரட்டும் என்பதற்கான ஏற்பாடு அது. அந்த ஐந்தாவது நிமிடத்தைக் கடக்கும்படி சோதனையை ஓடவிடுங்கள்.

கடைசியாக நிரலில் ஒரு சின்னக் கொடி (flag). புதிய வழிமுறையை எந்தச் செயலியும் சிறப்பு அனுமதி இல்லாமல் தேர்ந்தெடுக்கலாமா என்பதை அந்த ஒற்றைக் கொடிதான் முடிவு செய்கிறது. வேறொரு கோப்பிலிருந்து நகலெடுக்கும்போது அதுவும் சேர்ந்தே வந்துவிடும். மற்ற இணைப்புகளோடு ஒத்துப்போகிறது என்று காட்டும் அளவீடு பேட்ச்சோடு வராவிட்டால், அந்தக் கொடியை எடுக்கச் சொல்லித் திருப்பி அனுப்புகிறேன்.