மழைக்காலத்தில் பழைய வண்டி: சாமான் மாற்றும் முன் தண்ணீரைத் தேடுங்கள்

பர்மாவில், எங்கள் ஊரான மோல்மீனில் மே மாதம் வானம் கறுத்தால் அக்டோபர் வரை வெளுக்காது. சென்னையில் வருடம் முழுக்கப் பெய்வது சுமார் 1,400 மில்லிமீட்டர். இங்கே ஜூலை, ஆகஸ்ட் இரண்டே மாதத்தில் அதைத் தாண்டிக் கொட்டித் தீர்த்துவிடும். அந்த மழையில்தான் பத்து, பதினைந்து வயதான ஹோண்டா ட்ரீம், வேவ், சீனத்துக் கென்போ எல்லாம் ஓடுகின்றன. ரங்கூன் நகருக்குள் 2003 முதல் மோட்டார் சைக்கிளுக்குத் தடை. எங்கள் ஊரில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதும், அரிசி மூட்டை வீடு சேர்வதும், கேரி என்கிற வாடகை மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் வீட்டு அடுப்பு எரிவதும் இந்த வண்டிகளை நம்பித்தான்.

அதனால் வண்டி நின்றதும் ஆட்கள் பதறுகிறார்கள். பதற்றத்தில் கையிலிருக்கும் காசைப் போட்டுச் சாமான் மாற்றிவிடுகிறார்கள். மழைக்காலத்தில் என் பட்டறைக்கு வரும் பழைய வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு இன்ஜினில் கோளாறே இருப்பதில்லை. எங்கேயோ தண்ணீர் புகுந்திருக்கும், அவ்வளவுதான்.

போன மழையில் ஒரு பெரியவர் தன் ட்ரீமைத் தள்ளிக்கொண்டே வந்தார். கோயில் அன்னதானத்துக்கும் கல்யாண வீடுகளுக்கும் சமைக்கிறவர். "ரெண்டு கடை ஏறி இறங்கிட்டேன் தம்பி. காயில் மாத்தியாச்சு, சிடிஐ மாத்தியாச்சு. நின்ன இடத்துல நல்லா ஓடுது. ரோட்டுல ஏறி முறுக்குனா மிஸ்ஸிங் அடிச்சு நின்னுடுது" என்றார். அவர் சொன்னதிலேயே பாதி விடை இருந்தது. காயிலும் சிடிஐயும் பிளக்கில் தீப்பொறி விழக் கரண்ட் அனுப்பும் சாமான்கள். நின்ற இடத்தில் ஓடுகிறது என்றால் கரண்ட் வருகிறது. முறுக்கும்போது நிற்கிறது என்றால் முதலில் பெட்ரோல் பக்கம் பார்க்க வேண்டும்.

வெள்ளைக் கண்ணாடி பாட்டில் ஒன்றை எடுத்து, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்ப்பரேட்டரின் கிண்ணத்தில் அடியிலுள்ள வடிகால் திருகைத் தளர்த்தி, வடிந்த பெட்ரோலைப் பிடித்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கச் சொன்னேன். பாட்டிலைச் சாய்த்தபோது பெட்ரோலுக்கு அடியில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு துளி தனியாக உருண்டது. அதுதான் தண்ணீர். பெட்ரோலோடு அது கலக்காது. கனம் கூடியதால் அடியில் போய் உட்காரும். இன்ஜினுக்குப் பெட்ரோல் போகும் சின்னத் துளையான மெயின் ஜெட் இருப்பதும் அதே அடியில்தான். ஆக்சிலேட்டரை முறுக்கும்போது இன்ஜின் அங்கிருந்து பெட்ரோலுக்குப் பதில் தண்ணீரை உறிஞ்சுகிறது, வண்டி செத்துவிடுகிறது.

தண்ணீர் வந்த வழியும் தெரிந்தது. ட்ரீம், வேவ் வண்டிகளில் டேங்க் மூடி சீட்டுக்கு அடியில் இருக்கும். மூடிக்குள் இருக்கும் ரப்பர் வாஷர் காய்ந்து வெடித்திருந்தது. சீட் இடுக்கில் இறங்கிய மழை அங்கே தேங்கி, சொட்டுச் சொட்டாக உள்ளே போயிருக்கிறது. டேங்கை வடித்து, கிண்ணத்தையும் ஜெட்டையும் கழுவி, வாஷரை மாற்றினேன். புதுச் சாமான் என்று அவருக்கு ஆன செலவு அந்த வாஷர் ஒன்றுதான். முன்னால் மாற்றிய காயிலுக்கும் சிடிஐக்கும் கொடுத்த காசு போனது போனதுதான். அதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

சாலையோரம் பாட்டிலில் விற்கும் பெட்ரோலை வாங்குகிறவர்கள் ஊற்றும் முன் இதே மாதிரி வெளிச்சத்தில் பிடித்து அடியைப் பாருங்கள். மழை மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கார்ப்பரேட்டர் கிண்ணத்தை வடித்துவிடுவது நல்லது. இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். பக்கத்தில் சுருட்டு, அடுப்பு எதுவும் கூடாது. வடித்த பெட்ரோலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள்.

அடுத்தது பிளக். இந்த வண்டிகளில் இன்ஜின் படுத்த வாக்கில் இருப்பதால், முன்சக்கரம் வாரியடிக்கும் சேறும் தண்ணீரும் பிளக் கேப் மேல்தான் விழும். காலையில் ஸ்டார்ட் ஆகாவிட்டால் கிக்கரை உதைத்து உதைத்துக் களைத்துப்போகாதீர்கள். கேப்பைக் கழற்றி உள்ளே துடைத்துக் காயவைத்து மாட்டுங்கள். பல வண்டிகள் அதிலேயே எழுந்துவிடும். எழாவிட்டால் பிளக்கைக் கழற்றி முகத்தைப் பாருங்கள். காப்பி நிறம் என்றால் எரிப்பு சரி. வறண்ட கரி என்றால் பெட்ரோல் அதிகம் அல்லது ஏர் ஃபில்டர் அடைப்பு. பெட்ரோல் நாற்றத்தோடு நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, எரியவில்லை என்று பொருள். ஈரமாக இருந்தும் நாற்றமே இல்லையென்றால் தண்ணீர். பிளக்கின் நுனியில் தீப்பொறி தாவும் இடைவெளி இந்தப் பழைய கார்ப்பரேட்டர் வண்டிகளில் பொதுவாக 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர்.

கொஞ்ச தூரம் ஓடி நின்று, பத்து நிமிடம் கழித்துத் தானாக எழும் வண்டி என்றால் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். 'ஸ்ஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத் துவாரம் அடைத்திருக்கிறது. ஒரு ஊசி போதும்.

வெள்ளத்தில் இறங்கி இன்ஜின் நின்றுவிட்டால் மட்டும் தயவுசெய்து கிக்கரைத் தொடாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துபோகும். பிளக்கைக் கழற்றிவிட்டு மெதுவாகக் கிக்கரை அமுக்கித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். ஆயிலையும் பாருங்கள். டீக்கடைப் பால் டீ மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. அந்த ஆயிலோடு வீடு வரைக்கும்கூட ஓட்டக் கூடாது.

செயினைப் பற்றி ஒரு வார்த்தை. நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்தால் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் ஆட வேண்டும். ஜாயிண்ட் கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் ஓட்டத்தில் கழன்றுவிடும். துருப்பிடித்தது என்று செயின் கவரைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுகிறார்கள். பின்னால் உட்காருகிறவரின் லுங்கியும் புடவையும் அங்கேதான் சிக்கும்.

அந்தப் பெரியவரின் வண்டிக்குத் திரும்புகிறேன். ஓட்டிப் பார்க்க எடுத்தபோது பின் பிரேக் என்னைப் பயமுறுத்திவிட்டது. மிதி கடைசி வரை போகிறது, வண்டி நகர்ந்துகொண்டே இருக்கிறது. கேட்டேன். "பிடிக்குதே தம்பி, கொஞ்சம் அழுத்தி மிதிக்கணும்" என்றார். அந்தப் பிரேக்கை நம்பி மனைவியைப் பின்னால் உட்காரவைத்து, இரண்டு பக்கமும் அண்டா கட்டி, பக்கத்து ஊரான முடோன் வரை போய்வந்திருக்கிறார்.

பின் சக்கரத்தில் பிரேக் ராடு மாட்டியிருக்கும் நெம்புகோல் பக்கம் சின்ன அம்புக்குறி ஒன்று இருக்கும். அதன் எதிரே டிரம் தட்டில் ஒரு முக்கோணம். பிரேக்கை முழுக்க அழுத்தும்போது அம்பு அந்த முக்கோணத்தைத் தொட்டால் டிரம்முக்குள் உரசிப் பிடிக்கும் ஷூ தேய்ந்துவிட்டது. இவருடைய வண்டியில் அம்பு அதைத் தாண்டிப் போயிருந்தது. ராடு நுனியில் இருக்கும் நட்டை இறுக்கி இறுக்கி மரையே முடிந்துவிட்டது. சக்கரத்தைக் கழற்றினால் ஷூ மேல் ஒட்டியிருக்கும் லைனிங் காகிதம் போல இருக்கிறது. மழைத்தண்ணீர் புகுந்து, ஷூவை விரிக்கும் கேம் துருப்பிடித்து இறுகியிருந்தது. துருவைத் தேய்த்துவிட்டு கேமில் கிரீஸை லேசாகத் தொட்டு வைத்தேன். அதிகம் வைத்தால் அது லைனிங்கில் வழிந்து பிரேக்கைக் கெடுக்கும்.

வீட்டிலேயே டிரம் கழற்றுகிறவர்களுக்கு: உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதாதீர்கள், காற்றுக் குழாயும் பிடிக்காதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அது நுரையீரலுக்குள் போனால் போனதுதான். ஈரத் துணியால் துடையுங்கள்.

புது ஷூ போட்டதும் அவரையே கீழே குனியவைத்து, மிதியைக் கையால் அழுத்தச் சொல்லி அம்பைக் காட்டினேன். இரண்டு மூன்று தடவை அழுத்திப் பார்த்தார். "இது இத்தனை வருஷமா இங்கேயா இருந்துச்சு?" என்றார். புது ஷூ டிரம்மில் படிய கொஞ்ச நாள் ஆகும், அதுவரை அண்டா ஏற்றாமல் மெதுவாகப் போங்கள், தேங்கிய தண்ணீரைக் கடந்ததும் பிரேக்கை லேசாகப் பிடித்தபடி கொஞ்ச தூரம் ஓட்டி ஈரத்தைக் காயவையுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.