நுரையீரலின் தவறான இரத்தப் பாதையை அடைப்பது எப்படி?

நுரையீரல் தமனி வழியாக வரும் ஆக்சிஜன் குறைந்த இரத்தம், காற்று நுண்ணறைகளைச் சூழ்ந்துள்ள, தந்துகிகள் எனப்படும் மிக நுண்ணிய இரத்தக்குழாய்களில் பரவி, ஆக்சிஜனை ஏற்றுக்கொண்டு, நுரையீரல் சிரை வழியாக இதயத்தின் இடப்பக்கத்தை அடைகிறது. சிலருக்கு இந்தத் தமனியும் சிரையும், இடையில் தந்துகிகளே இல்லாமல், மெல்லிய சுவர் கொண்ட ஒரு பையின் மூலம் நேரடியாக இணைந்திருக்கும். இவர்களுள் பெரும்பாலோருக்கு, அடிக்கடி மூக்கில் இரத்தம் வடியச் செய்யும் பரம்பரை இரத்தக்குழாய் நோய் ஒன்று காரணமாக இருக்கிறது.

மூச்சு வாங்குவதுதான் இதன் பெரிய தீங்கு என்று தோன்றும். ஆனால் பலருக்கு அறிகுறியே தெரிவதில்லை, அஞ்ச வேண்டியது மூளையைக் குறித்துத்தான். தந்துகியின் விட்டம் ஏறத்தாழ 0.01 மில்லிமீட்டரே என்பதால், சிரைகளிலிருந்து வரும் சிறு இரத்தக்கட்டிகளை அது சல்லடைபோல் தடுத்துவிடுகிறது. சல்லடையற்ற பாதையில் அவையும் கிருமிகளும் தப்பிச் சென்றால் பக்கவாதமோ மூளையில் சீழ்க்கட்டியோ ஏற்படலாம்.

கண்டறியும் சோதனையும் இதையே பயன்படுத்துகிறது. உப்புநீரைக் குலுக்கி உண்டாக்கிய நுண்குமிழிகளைக் கைச் சிரையில் செலுத்தி, எக்கோ எனும் ஒலியலைச் சோதனையில் இதயத்தைக் கவனிக்கிறார்கள். வழக்கமாக நுரையீரலிலேயே மறைந்துவிட வேண்டிய குமிழிகள், சில துடிப்புகள் கழித்து இடப்பக்கத்தில் தோன்றினால் தவறான பாதை நுரையீரலில் இருக்கலாம். உடனே தோன்றினால் இதயத் தடுப்புச்சுவரில் துளை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாதையின் இடத்தையும் அளவையும் சி.டி. ஸ்கேன் காட்டிவிடும்.

ஒருகாலத்தில் நுரையீரலின் அப்பகுதியையே அறுத்து நீக்கினார்கள். 1977-இல் கதீட்டர் எனும் மெல்லிய குழாய் வழியாக அடைக்கும் முறை அறிமுகமான பிறகு அந்தத் தேவை அரிதாகிவிட்டது. தொடைச் சிரையில் நுழைக்கப்படும் கதீட்டர், இதயத்தின் வலப்பக்கத்தைக் கடந்து நுரையீரல் தமனிக்குள் செல்கிறது. இரத்தத்தைக் கொண்டுவரும் தமனி 2 முதல் 3 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால் பொதுவாக அதை அடைப்பார்கள். பைக்கு மிக அருகில் பிளாட்டினம் சுருளையோ, நிட்டினால் என்ற உலோகக் கலவைக் கம்பியால் பின்னிய அடைப்பானையோ வைத்தால், அங்கே இரத்தம் உறைந்து பாதை மூடிக்கொள்கிறது. தள்ளி வைத்தால் நல்ல கிளைகளும் அடைபடும். தமனிக்குப் பொருந்தாத சிறிய சுருளோ பையைத் தாண்டி உடலின் வேறொரு தமனியில் போய்ச் சிக்கிக்கொள்ளும். கதீட்டரில் ஒரு காற்றுக்குமிழிகூட நுழையாதபடி மிகுந்த கவனம் எடுப்பதும், அதுவும் இப்படித் தாண்டிச் செல்லக்கூடும் என்பதால்தான்.

அடைத்த பாதை மீண்டும் திறக்கலாம் என்பதால், 6 முதல் 12 மாதங்களுக்குள் ஸ்கேன் எடுத்துப் பார்க்கிறார்கள். அடைக்க முடியாத நுண்ணிய பாதைகள் எஞ்சியிருக்கக்கூடும் என்பதால், கிருமிகள் இரத்தத்தில் கலக்கக்கூடிய பல் சிகிச்சைக்கு முன் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து எடுத்துக்கொள்ளும் வழக்கம் சிகிச்சைக்குப் பிறகும் தொடர்கிறது.