பிரெஞ்சு ஓய்வூதியம்: புதுச்சேரியில் வாழ்வோர் ஏமாறும் இடங்கள்

பிரான்சில் வேலை பார்த்தோ, பிரெஞ்சுப் படையில் பணியாற்றியோ ஈட்டிய ஓய்வூதியத்தை, ஊர் திரும்பிப் புதுச்சேரியில் குடியிருந்தாலும் தொடர்ந்து பெறலாம். சட்டத்தில் அதற்குத் தடையில்லை. ஆனால் ‘சொல்தா’ எனப்படும் பிரெஞ்சுப் படைவீரர்களின் குடும்பங்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்து வருகிறவன் என்ற முறையில் நான் பார்த்தவரை, பணம் நின்றுபோன வீடுகளில் பெரும்பாலானவற்றில் தகுதி எந்த விதத்திலும் குறைந்திருக்கவில்லை. ஒரு தாள் உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

அந்தத் தாள், உயிர்வாழ்வுச் சான்று. பிரான்சுக்கு வெளியே வாழும் ஓய்வூதியர் பொதுவாக ஆண்டுக்கு ஒருமுறை இதை அனுப்ப வேண்டும். குறித்த நாளுக்குள் சேராவிட்டால் ஓய்வூதியம் நிறுத்தப்படும். படிவம் பிரெஞ்சு மொழியில் வருகிறது. தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த எண்பது வயது விதவை அதை ஏதோ விளம்பரம் என்று எண்ணிப் பீரோவில் வைத்துவிடுகிறார். வங்கிப் பாஸ்புக்கில் வரவு இல்லாத மாதத்தில்தான் அந்த உறை வெளியே எடுக்கப்படுகிறது. சான்று போய்ச் சேர்ந்தபின் நின்ற தொகை நிலுவையாக வந்துவிடும் என்றாலும், அதுவரை மருந்துக்கடைக்காரர் காத்திருக்க மாட்டார்.

2019 முதல், பல ஓய்வூதிய அமைப்புகளுக்கும் சேர்த்து ஒரே சான்று போதும் என்ற ஏற்பாடு உள்ளது. ஆனாலும் படிவத்தில் எந்தெந்த அமைப்புகளின் பெயர் அச்சாகியிருக்கிறது என்று பார்த்து, உங்களுடைய அமைப்பு ஏதேனும் அதில் விடுபட்டிருந்தால் அதற்குத் தனியாகச் சான்று அனுப்ப வேண்டும். கையெழுத்துப் போடத் தகுதியுள்ள உள்ளூர் அதிகாரிகள் யார் என்பதற்கு நாடுவாரியாகப் பட்டியல் இருக்கிறது. அதைப் பார்க்காமல் மரைன் வீதியில் உள்ள பிரெஞ்சுத் துணைத் தூதரகத்துக்கும் நோட்டரி வக்கீல் அலுவலகத்துக்கும் மாறி மாறி முதியவரை ஆட்டோவில் ஏற்றி இறக்குவது வீண் அலைச்சல். முத்திரை தெளிவாக விழுந்திருக்க வேண்டும். தேதியில் அடித்தல் திருத்தல் கூடாது. ஓய்வூதியரின் கையெழுத்துக்குரிய இடம் காலியாக இருக்கக் கூடாது. நான் பார்த்த நிராகரிப்புகளில் பல இந்த மூன்றினால்தான். தபாலை நம்புவதைவிட, பிரெஞ்சு ஓய்வூதிய அமைப்புகளின் பொது இணையதளமான இன்ஃபோ ரெத்ரேத் கணக்கில் நேரடியாகப் பதிவேற்றுவது நல்லது. முகத்தைக் கைப்பேசியில் காட்டிச் சான்று தரும் செயலியும் இப்போது இருக்கிறது. ஆனால் அதற்குச் சிப் பதித்த அடையாள ஆவணம் வேண்டும் என்பதால், பழைய இந்தியக் கடவுச்சீட்டு மட்டும் வைத்திருக்கும் விதவைகளுக்கு அது உதவுவதில்லை.

அடுத்த சிக்கல் பெயர். பிரெஞ்சு ஆவணத்தில் தகப்பனார் பெயர் குடும்பப் பெயராக ஏறி ‘கோவிந்தன் ராமலிங்கம்’ என்றிருக்கும். ஆதாரில் அதே மனிதர் ‘கோ. ராமலிங்கம்’; வங்கிக் கணக்கில் வெறும் ‘ராமலிங்கம்’. புதுச்சேரியில் எவருக்கும் இதில் குழப்பம் வராது. பிரான்சில் கோப்பைப் பார்க்கும் ஊழியருக்கு இவர்கள் மூன்று பேர். மூவரும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரம் சில சமயம் போதும், சில சமயம் போதாது. ஆகவே வங்கிக் கணக்கின் பெயரையாவது ஓய்வூதியக் கடிதத்தில் உள்ள எழுத்துப்படியே முன்கூட்டித் திருத்தி வைக்க வேண்டும்.

மிகப் பெரிய பணத்தை விழுங்கும் பொறி ஆஸ்பா எனப்படும் முதியோர் உதவித்தொகை. ஓய்வூதியம் குறைவாக உள்ளவர்களுக்கு, பொதுவாக 65 வயதிலிருந்து, பிரெஞ்சு அரசு சேர்த்துத் தருகிற தொகை இது. உழைத்துச் சேர்த்த ஓய்வூதியம் உங்களோடு ஊருக்கு வரும், ஆஸ்பா வராது. 2023 செப்டம்பர் 1 முதல் ஆண்டில் 9 மாதங்களுக்கு மேல் பிரான்சில் தங்கினால்தான் அதற்குத் தகுதி உண்டு. அதற்கு முன்பு இந்த வரம்பு 6 மாதமாக இருந்தது. பழைய கணக்கிலேயே இன்னமும் பாதி ஆண்டு இங்கேயும் பாதி ஆண்டு அங்கேயும் இருப்பவர்கள் உள்ளனர். சோதனையின்போது கடவுச்சீட்டின் எல்லாப் பக்கங்களும் கேட்கப்படும். முத்திரைகளை எண்ணிப் பார்த்து, வாங்கிய தொகையைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். பிரான்சில் உறவினர் வீட்டு முகவரியைக் காட்டிச் சமாளிக்கலாம் என்று சொல்லும் தரகர், அந்தக் கடிதம் வரும் நாளில் தொலைபேசியை எடுக்க மாட்டார்.

மருத்துவத்திலும் இதே மயக்கம் இருக்கிறது. பிரெஞ்சு மருத்துவக் காப்பீட்டு அட்டையான வித்தால் அட்டை கையில் இருப்பதால் புதுச்சேரித் தனியார் மருத்துவமனைச் செலவு திரும்பக் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். வெளிநாட்டில் குடியிருக்கும் ஓய்வூதியருக்கு அது பிரான்சுக்குத் தற்காலிகமாகப் போகும்போது மட்டுமே பயன்படும். அதற்கும் 2019 ஜூலையிலிருந்து, பொதுவாகப் பிரெஞ்சு ஓய்வூதியத் திட்டத்தில் 15 ஆண்டுக் காப்பீட்டுக் காலம் வேண்டும்.

கணவர் இறந்தபின் மனைவிக்குரிய பங்கு தானாக வராது. கேட்டு வாங்க வேண்டும். தனியார் துறைப் பொதுத் திட்டத்தில் இது கணவரின் அடிப்படை ஓய்வூதியத்தில் 54 சதவீதம். 55 வயதும் வருமான வரம்பும் நிபந்தனைகள். படைவீரர் ஓய்வூதியத்தில் 50 சதவீதம். மறுமணம் செய்தால் அது நின்றுவிடும். பொதுத் திட்டத்தில், இறந்த 12 மாதங்களுக்குள் விண்ணப்பித்தால் இறப்புக்கு அடுத்த மாதத்திலிருந்தே கணக்கிட்டுத் தருவார்கள். தாமதித்தால் போன மாதங்கள் போனவைதான். துக்கம் கழியட்டும், திதி முடியட்டும் என்று குடும்பத்தார் தள்ளிப் போடுவது புரிகிறது, ஆனால் அலுவலகம் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. இதைவிடப் பெரிய தடை திருமணப் பதிவு. கோயிலில் தாலி கட்டி, பிரெஞ்சுக் குடிமைப் பதிவேட்டில் ஏற்றாமல் விட்ட திருமணங்களை, கணவர் உயிரோடு இருக்கும்போதே, அவரே கையெழுத்திட முடிகிற நிலையில் சரிசெய்ய வேண்டும். அவர் போனபின் அதே வேலை ஆண்டுக்கணக்கில் இழுக்கிறது.

இறப்பை ஓய்வூதிய அமைப்புக்கு உடனே எழுத்தில் தெரிவியுங்கள். இறந்த பிறகு கணக்கில் விழும் தொகையை ஏடிஎம் அட்டையால் எடுத்து ஈமச்செலவுக்குப் பயன்படுத்தும் பிள்ளைகளிடம், அது பின்னால் திரும்பக் கேட்கப்படுகிறது. விதவையின் விண்ணப்பமும் அதனால் சந்தேகத்தோடு பார்க்கப்படுகிறது.

இணையக் கணக்கின் கடவுச்சொல்லை எந்தத் தரகரிடமும் கொடுக்காதீர்கள். வங்கிக் கணக்கு எண்ணை மாற்றுவதும் பெரும்பாலும் அந்தக் கணக்கின் வழியாகத்தான் நடக்கிறது.