செம்பு பாய்லருக்குப் பதிலாக: சூரிய மானியம் எதற்கு உண்டு, எதற்கு இல்லை

ஏற்காட்டின் பழைய பங்களாக்களிலும் சேலத்து ஓட்டு வீடுகளிலும் குளியலறை மூலையில் இன்னும் செம்பு பாய்லர் நிற்கிறது. நடுக்குழாயில் கொட்டாங்குச்சியும் சுள்ளியும் போட்டுப் பற்றவைத்தால் சுற்றியுள்ள தண்ணீர் சுடும். பித்தளைக் குழாயைத் திறந்து வாளியில் பிடித்துக்கொள்ளலாம். பல வருடம் உழைத்த பிறகு அடிப்பக்கம் அரித்து ஒழுக ஆரம்பிக்கும்போதுதான், “சோலார் ஹீட்டருக்கு மானியம் உண்டாமே?” என்ற பேச்சு வரும்.

கிடையாது. சோலார் வாட்டர் ஹீட்டருக்கு மத்திய அரசு வீடுகளுக்குக் கொடுத்துவந்த மானியம் 2014-லேயே நின்றுவிட்டது. இப்போது பேசப்படுவது 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டம். அது மின்சாரம் தயாரிக்கும் பேனலுக்கு மட்டும். என் சித்தப்பாவிடம் ஒரு கடைக்காரர் “மானியம் அப்புறம் வந்துடும்” என்று சொல்லியே ஹீட்டரை விற்றுவிட்டார். இன்றுவரை ஒரு ரூபாயும் வரவில்லை. வயதானவர்களிடம் இப்படிச் சொல்லி விற்பதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பேனலுக்கு என்ன கிடைக்கும்? முதல் 2 கிலோவாட் வரை, கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய். மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000. ஆக அதிகபட்சம் 78,000. அதற்கு மேல் எத்தனை பேனல் போட்டாலும் அதே தொகைதான்.

இதில் வெந்நீர் எங்கே வருகிறது? பேனல் தரும் மின்சாரத்தில் கீசரை ஓட்டலாம். நாலு பேர் குளிக்க 100 லிட்டரை மலைக்குளிரில் 18 டிகிரியிலிருந்து 45-க்குச் சூடாக்க, மூன்று யூனிட்டுக்குச் சற்று மேல் ஆகும். கீசரில் தினமும் அப்படிச் செய்தால் இரண்டு மாதத்துக்கு 180 யூனிட்டைத் தாண்டும். வீட்டு இணைப்புக்கு இலவசமாக வரும் 100 யூனிட் அதிலேயே கரைந்துவிடும். சேலத்து வெயிலில் 2 கிலோவாட் பேனல் ஒரு நாளைக்குச் சுமார் 8 யூனிட் தரும். ஏற்காட்டில் மூடுபனி நாட்களில் குறையும். பகலில் மிஞ்சுவது நெட் மீட்டர் (வீட்டிலிருந்து வெளியே போகும் மின்சாரத்தையும் உள்ளே வருவதையும் அளக்கும் மீட்டர்) வழியாகக் கணக்கில் ஏறுவதால், விடியற்காலை கீசர் போட்டாலும் கழிந்துவிடும்.

விண்ணப்பம் பி.எம். சூர்ய கர் இணையதளத்தில், மின் இணைப்பு எண்ணை வைத்து. பழைய வீடு வைத்திருப்பவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான்: இணைப்பு இன்னும் தாத்தா பெயரில் இருக்கும். முதலில் வாரிசுச் சான்றோடு மின்வாரியத்தில் பெயர் மாற்றம் செய்யுங்கள். பதிவுபெற்ற நிறுவனம்தான் பேனல் போட வேண்டும். பேனல் இந்தியாவில் செய்த செல்களைக் கொண்டதாக இருக்க வேண்டும். நெட் மீட்டர் வைத்து ஆய்வு முடிந்த பிறகே மானியம் வங்கிக் கணக்குக்கு வரும். ஆக, முழுச் செலவுக்கும் முன்கூட்டியே பணமோ வங்கிக் கடனோ தயாராக இருக்க வேண்டும்.

கூரைதான் அடுத்த கவலை. நூறு வருட உத்தரத்தின் மேல், மங்களூர் ஓட்டைத் துளைத்துப் பேனலைத் தாங்கும் சட்டம் அடிக்க வேண்டாம்; ஒரு ஓடு விலகினால் மழைத்தண்ணீர் நேராக மரத்தில்தான் இறங்கும். மொட்டை மாடியிலோ உயர்த்திய சட்டத்தின் மேலோ போட்டாலும் திட்டம் ஏற்கும். பின்கட்டில் காங்கிரீட் கூரை இருந்தால் அங்கே போடுங்கள். வீட்டின் முகமும் கெடாது.

பேனல் மேல் நிழல் விழுகிறது என்று சில்வர் ஓக் மரத்தை வெட்டிவிடவும் கூடாது. 1955-ஆம் வருட மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி, சொந்த எஸ்டேட் மரமானாலும் மாவட்டக் குழுவின் அனுமதி வேண்டும்.

கீசர் வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையும் நட்சத்திர லேபிளும் பாருங்கள். பழைய வீட்டில் துணி சுற்றிய ஒயர் இன்னும் சுவருக்குள் ஓடிக்கொண்டிருக்கலாம். அதில் 2 கிலோவாட் கீசரை மாட்டாதீர்கள். மீட்டர் பெட்டியிலிருந்து தனி ஒயர், 16 ஆம்பியர் பிளக், நல்ல எர்த், கசிவு மின்சாரத்தை உடனே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இந்த நான்கையும் முடித்துவிட்டு, அப்புறம் பாய்லரைக் கழற்றுங்கள்.