பிரன்ச்: முற்பகல் பசியாறல்

காலை உணவுக்கும் மதிய உணவுக்கும் ஈடாக, இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தில் ஒரே வேளையாக உண்பதை ஆங்கிலத்தில் பிரன்ச் என்பர். காலை உணவைக் குறிக்கும் 'பிரேக்ஃபாஸ்ட்' என்னும் சொல்லின் தலையையும் 'லஞ்ச்' என்னும் சொல்லின் வாலையும் ஒட்டி ஆக்கிய சொல் இது. இங்கிலாந்தில் 1895ஆம் ஆண்டு கை பெரிங்கர் என்பவர் 'ஹன்டர்ஸ் வீக்லி' இதழில் இதற்காகவே ஒரு கட்டுரை எழுதினார். சனிக்கிழமை இரவு நெடுநேரம் விழித்திருப்பவர்கள் ஞாயிறன்று தாமதமாக எழுந்து, தேநீரிலோ காப்பியிலோ தொடங்கி, பேசிச் சிரித்து நிதானமாக உண்ணலாம் என்பது அவருடைய வாதம். ஆகவே தாமதமாக எழுவதும் கூடி உண்பதும் தொடக்கத்திலிருந்தே இச்சொல்லின் பொருளில் கலந்துள்ளன. இதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம்?

மலேசியாவின் பினாங்கில் இந்த வேளைக்கு மிகப் பொருந்திய இடம் கோப்பித்தியாம். மலாய் மொழியின் 'கோப்பி'யும், கடையைக் குறிக்கும் ஹொக்கியன் சொல்லாகிய 'தியாமும்' சேர்ந்து பிறந்த பெயர் அது. நம்மவர் வாயில் அது கோப்பிக்கடை. பெரும்பாலான கடைகளில் பானங்களைக் கடைக்காரர் விற்பார். உள்ளே இடம் எடுத்திருக்கும் அங்காடிக்காரர்கள் உணவைச் சமைத்துத் தருவார்கள். அதனால் சீனியும் மார்ஜரினும் சேர்த்துக் கருக வறுத்த கொட்டையிலிருந்து துணிப்பையில் வடித்த, பால் சேர்க்காத 'கோப்பி ஓ' ஒரு கையிலும், காயா என்னும் தேங்காய்ப்பால் முட்டை ஜாம் தடவிய ரொட்டியும் அரைவேக்காட்டு முட்டையும் மறு கையிலுமாக அமர்ந்தவர், அதே மேசைக்குக் குவேதியோ என்னும் தட்டை அரிசி நூடுல்ஸையும் வரவழைக்க முடிகிறது. கேம்பல் தெருவை ஒட்டிய சந்தில், இரும்புப் பீப்பாய் அடுப்பின் கரித்தணலில் ரொட்டி வாட்டித் தரும் தோ சூன் கடையை நாடிப் பத்து மணிக்கும் ஆட்கள் வருவார்கள். அந்நேரத்தில் காலை உணவு எங்கே முடிந்தது, மதிய உணவு எங்கே தொடங்கியது என்று பிரித்துச் சொல்வது வீண்வேலை.

முற்பகலில் உண்பது நமக்குப் புதிதன்று. விடியுமுன் ரப்பர் மரம் சீவத் தொடங்கிய தோட்டத் தொழிலாளர்கள், பால் வடிந்து கோப்பையில் சேரும் இடைவெளியில், கொண்டு வந்த சோற்றை வெளிக்காட்டிலேயே உண்டனர். ஆனால் அதைப் பிரன்ச் என்பது பொருந்தாது. அது சீக்கிரம் எழுந்தவர்களின் உணவு. ஓய்வுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஆங்கிலச் சொல்லை அப்படியே எழுதினால் ஒரு சங்கடம் உண்டு. 'பிரஞ்ச்' என்று எழுதிவிட்டால் பாரிஸ் நகரத்து உணவோ என்று படிப்பவர் மயங்குவார். ஆங்கிலத்தைப் போலவே 'காலை'யையும் 'மதிய'த்தையும் வெட்டி ஒட்டிக் 'காதியம்' என்று ஆக்கினால் கதர்க்கடை நினைவுக்கு வருமே தவிர, பசி வராது. 'காலைமதிய உணவு' பொருள் தரும், பேச்சில் நடமாடாது.

இந்நாட்டுத் தமிழில் இதற்கு ஏற்ற வேர் ஏற்கெனவே உள்ளது. தமிழ்நாட்டில் பொதுவாக வயிறார உண்பதைச் சுட்டும் 'பசியாறுதல்', மலேசியாவில் காலை உணவுக்கே உரியதாகிவிட்டது, 'பசியாறிட்டீங்களா?' என்பது இங்கே காலை நேர நலவிசாரிப்பு. பசி தணிதல் என்ற அச்சொல்லுக்குள் பொழுதின் பெயர் இல்லை என்பதால், பொழுதை முன்னே சேர்க்க அது இடம் கொடுக்கிறது. தமிழ் மரபின் ஆறு சிறுபொழுதுகளில் காலை பத்து மணியளவில் முடிய, நண்பகல் தொடங்குகிறது. அந்த எல்லையைத் தழுவி நிற்கும் வேளைக்கு 'முற்பகல் பசியாறல்' என்பதே என் தேர்வு.

வினையாக்குவதும் எளிது: 'ஞாயிற்றுக்கிழமை பத்தரைக்குக் கோப்பிக்கடையில் பசியாறலாம், வாங்க' என்று அழைத்தால் நேரமே பொருளை உணர்த்திவிடும், 'முற்பகல்' கூடத் தேவைப்படாது. கோலாலம்பூர் ஹோட்டல்கள் ஞாயிறுதோறும் பரப்பி வைக்கும் பெரும் பந்திக்கு மட்டும் 'முற்பகல் விருந்து' என்று எழுதலாம்.