தானாகச் சரியாகிவிடும் என்று கமெண்ட் போடாதீர்கள்

பிரசவமாகி நான்கு மாதம் கழித்து வந்த ஒரு பெண், என்ன பிரச்சினை என்று கேட்டதும் மொபைலை நீட்டினார். அம்மாக்களுக்கான குழு ஒன்றில் அவர் போட்ட பதிவு: "குழந்தை தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வருவதில்லை. அவளைப் பார்த்தால் எதுவுமே தோன்றவில்லை." கீழே வரிசையாக இதயக்குறிகள். "எல்லாருக்கும் இப்படித்தான்மா." "எனக்கும் இருந்துச்சு, தானா போயிடுச்சு." டாக்டரைப் பாருங்கள் என்று ஒருவர்கூட எழுதவில்லை. இப்படி வரும் முதல் ஆள் இவர் இல்லை.

ஆறுதல் சொன்னவர்கள் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால் அவர்கள் சொல்வது வேறொன்றை. பிரசவமான இரண்டு மூன்று நாளில் காரணமில்லாத அழுகையும் எரிச்சலும் பாதிக்கும் மேற்பட்ட தாய்மார்களுக்கு வரும், இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். இரண்டு வாரம் தாண்டியும் நீடித்தால் அது மனச்சோர்வா என்று பார்த்தே ஆக வேண்டும். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி, குழந்தை பெற்றவர்களில் சுமார் 13 சதவீதம் பேருக்கு மனநலப் பாதிப்பு, பெரும்பாலும் மனச்சோர்வு, வருகிறது. மாதங்கள் கழித்தும் தொடங்கலாம்.

பலருக்கு இருக்கிறது என்பதால் ஒன்று இயல்பாகிவிடாது. ரத்தசோகையும்தான் பலருக்கு இருக்கிறது, அதைச் சும்மா விட்டுவிடுகிறோமா? இன்னொன்று, கமெண்ட் போடுபவர்கள் மீண்டு வந்தவர்கள். மீளாதவர்களுக்கு டைப் செய்யத் தெம்பு இருக்காது.

பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு இருக்கலாமா என்று பார்க்க உதவும் எடின்பரோ கேள்வித்தாள் இணையத்திலேயே கிடைக்கிறது. 1987இல் வந்தது, கடந்த 7 நாட்களைப் பற்றி 10 கேள்விகள், மொத்தம் 30 மதிப்பெண், கூடக் கூடச் சந்தேகம் அதிகம். நிரப்பிப் பாருங்கள், தப்பில்லை. ஆனால் அது சலித்தெடுக்கும் கருவி மட்டுமே, நோயை உறுதி செய்யாது. "எனக்கு 9தான் டாக்டர்" என்று ஸ்கிரீன்ஷாட் காட்டுபவர்களிடம் நான் முதலில் பார்ப்பது பத்தாவது கேள்வியை. தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது அது. "ஒருபோதும் இல்லை" தவிர வேறு எந்தப் பதிலானாலும், மொத்த மதிப்பெண்ணை விடுங்கள், அன்றைக்கே வாருங்கள்.

"குழந்தையைக் கீழே போட்டுவிடுவேனோ" என்று நடுராத்திரியில் தேடாதீர்கள், குற்றச் செய்திகள்தான் வந்து விழும். வேண்டாமல் வந்து பயமுறுத்தும் இந்த எண்ணம் புதுத் தாய்மார்களுக்குச் சகஜம். வந்ததாலேயே நீங்கள் ஆபத்தானவர் ஆகிவிடவில்லை. வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

குரல்கள் கேட்பது, தூங்காமலே பரபரவென்று இருப்பது, குழந்தையைப் பற்றி விபரீதமான நம்பிக்கை, இதெல்லாம் வேறு. 1000 பேரில் ஒருவர் இருவருக்குத்தான் வரும், பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்தில். அந்தத் தாயையும் குழந்தையையும் தனியே விடாதீர்கள். விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

அப்புறம், "பால் கொடுப்பவர்கள் மாத்திரையே தொடக்கூடாது" என்ற வீடியோ. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் செர்ட்ராலின் போன்ற மருந்து தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலக்கிறது. மாத்திரையை நிறுத்துவதற்கு முன் எழுதிக் கொடுத்த டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், போதும்.

இணையத்தில் எதையும் பார்க்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ராத்திரி பால் கொடுக்கும்போது கையில் இருப்பது மொபைல்தான், டாக்டர் இல்லை. பேசுபவர் யார், எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறாரா, கடைசியில் எதையாவது விற்கிறாரா, இதை மட்டும் கவனியுங்கள்.

கணவர்களே, இந்த வீடியோக்களை மனைவிக்கு ஃபார்வர்ட் செய்வதோடு நிறுத்தாதீர்கள். நீங்களும் பாருங்கள். டாக்டரிடம் நேரம் வாங்குவதும் உங்கள் வேலை, கூடவே வாருங்கள். தைராய்டு கோளாறும் இப்படித்தான் காட்டும், அதனால் முதல் நாளே ரத்தப் பரிசோதனை கேட்பேன்.