மலைச்சரிவுத் தொழிற்சாலைக்கு அகண்ட அலைவரிசை எப்படிப் போய்ச் சேர்கிறது?

நீலகிரியிலோ வால்பாறையிலோ ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்கு இணைய இணைப்பு எடுக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது வேகத்தைத்தான்: ஐம்பது மெகாபிட்டா, நூறா? அதற்கு முன்பே கேட்க வேண்டியது, ஒளியிழை கடைசியாக எந்த இடத்தில் வந்து நிற்கிறது, அங்கிருந்து தொழிற்சாலைக் கூரை வரை இடையில் என்னென்ன இருக்கின்றன என்பது. கிடைக்கப்போகும் வேகம், மாதக் கட்டணம், மழைக்காலத்தில் இணைப்பு தாக்குப்பிடிக்குமா என்ற மூன்றும் பெரும்பாலும் அந்த இடைவெளியைப் பொறுத்தே அமைகின்றன.

பல ஊர்களில் அந்தக் கடைசி இடம் ஊராட்சி அலுவலகமாக இருக்கும். தேசிய ஒளியிழை வலையமைப்பு என்ற பெயரில் 2011-இல் ஒன்றிய அமைச்சரவையின் ஒப்புதலைப் பெற்று, பின்னர் பாரத்நெட் ஆன திட்டம், ஏறத்தாழ இரண்டரை லட்சம் ஊராட்சிகளுக்கு ஒளியிழையைக் கொண்டுசெல்லும் நோக்குடன் தொடங்கியது. தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளுக்கான பணியைத் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் மேற்கொண்டுள்ளது.

ஊராட்சியிலிருந்து கிட்டத்தில் இருக்கும் தொழிலகத்துக்கு ஒளியிழையையே நீட்டிவிடலாம். இப்போது பரவலாகப் பயன்படும் ஜீபான் (GPON) என்ற, ஓர் இழையைப் பலர் பகிரும் முறையில், இணைப்பகத்திலிருந்து வரும் ஒரே இழையின் ஒளியை, மின்சாரமே தேவைப்படாத ஸ்ப்ளிட்டர் ஒன்று 32 அல்லது 64 கிளைகளாகப் பிரிக்கிறது. அந்த ஒற்றை இழை நொடிக்கு ஏறத்தாழ 2.5 கிகாபிட் தரவை இறக்கும், அதாவது பயனரிடம் கொண்டுவரும். பயனரிடமிருந்து ஏற்றுவதோ அதில் பாதி, 1.25 கிகாபிட். 32 பேரும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் இயங்கினால் ஆளுக்கு 78 மெகாபிட் இறக்கமும் 39 மெகாபிட் ஏற்றமும் மிஞ்சும். வீட்டில் படம் பார்ப்பவருக்கு இந்த ஏற்ற இறக்க வேறுபாடு தெரியவே தெரியாது. கண்காணிப்புக் கேமரா காட்சிகளை வெளியூர்த் தலைமையகத்துக்கு நாள் முழுவதும் அனுப்புகிற தொழிற்சாலைக்குத்தான் அது உறைக்கும். ஆகவே விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் இறக்க வேகத்தை விட்டுவிட்டு, ஏற்ற வேகம் எவ்வளவு, அது எத்தனை பேருக்குப் பங்கிடப்படுகிறது என்று தொழில்முனைவோர் கேட்பது நல்லது.

இழை நிற்கும் இடத்துக்கும் தொழிற்சாலைக்கும் நடுவில் பள்ளத்தாக்கோ காப்புக்காடோ வந்துவிட்டால், குழி தோண்ட அனுமதி பெறுவதும் செலவும் மலைக்க வைக்கும். அப்போது கைகொடுப்பது இரு முனைகளிலும் டிஷ் வைத்து ஒன்றை ஒன்று பார்க்கச் செய்யும் ரேடியோ இணைப்பு. 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் பெரும்பகுதியை 2018-இல் ஒன்றிய அரசு உரிமக் கட்டாயத்திலிருந்து விடுவித்ததால், இதற்கு அலைக்கற்றைக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை.

எதிர் முனை கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்று எண்ணி இந்த வேலையில் ஏமாந்தவர்கள் பலர். ரேடியோ அலை மெல்லிய கோடாகச் செல்வதில்லை. இரு டிஷ்களுக்கும் நடுவே, முனைகளில் ஒடுங்கி இடையில் பருத்த வெள்ளரிக்காய் வடிவிலான வெளி முழுவதும் அதற்கு வேண்டும். ஃபிரெனல் மண்டலம் எனப்படும் இந்த வெளியின் ஆரம், 5.8 கிகாஹெர்ட்ஸில் 10 கிலோமீட்டர் தொலைவுக்கு, நட்டநடுவில் ஏறத்தாழ 11 மீட்டர். அதில் அறுபது விழுக்காடாவது, அதாவது பார்வைக்கோட்டைச் சுற்றி ஏறக்குறைய 7 மீட்டராவது, தடையின்றி இருந்தால்தான் இணைப்பு உருப்படியாக இயங்கும். இதே தொலைவுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் என்றால் ஆரம் 18 மீட்டராகிவிடும். தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கும் சில்வர் ஓக் மரங்கள் இங்கேதான் வினையாகின்றன. டிஷ் பொருத்திய நாளில் கோட்டுக்குக் கீழே பத்திரமாக நின்ற மரம், சில பருவங்களில் வளர்ந்து அந்த வெளிக்குள் தலைநீட்டுகிறது. இலைகளில் உள்ள நீர் அலையை விழுங்குகிறது. மழையில் நனைந்த இலை இன்னும் கூடுதலாக விழுங்குகிறது. கருவியில் கோளாறு என்று எண்ணி ரேடியோவை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். வேண்டியிருந்ததோ கிளையை வெட்டுவது அல்லது கம்பத்தை இன்னும் சில மீட்டர் உயர்த்துவது. தொலைவு கூடும்போது பூமியின் வளைவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்: 10 கிலோமீட்டருக்கு நடுவில் 2 மீட்டர் மேடு என்றால், 30 கிலோமீட்டருக்கு அது 18 மீட்டருக்கு அருகில் போய்விடும். வளிமண்டலம் அலையைச் சற்றுக் கீழ்நோக்கி வளைப்பதால் இதில் ஓரளவு குறையும்.

அடுத்த சிக்கல் காலம் சார்ந்தது. சாதாரண வைஃபையில், தரவு சிறுசிறு பொட்டலங்களாகப் போகிறது. ஒரு பொட்டலத்தை அனுப்பிய கருவி, ‘கிடைத்தது’ என்ற மறுமொழிக்காகச் சில மைக்ரோநொடிகள் காத்திருந்து, வராவிட்டால் மறுபடி அனுப்பும். 30 கிலோமீட்டர் போய்த் திரும்ப ஒளிவேகத்திலேயே 200 மைக்ரோநொடி ஆகும். மறுமொழி வழியில் வந்துகொண்டிருக்கும்போதே அனுப்பியவர் பொறுமை இழந்து அதே பொட்டலத்தைத் திரும்ப அனுப்பிவிடுவார். அதோடு, எதிர்முனை பேசத் தொடங்கியது தெரியாமல் இந்த முனையும் பேசத் தொடங்க, இரண்டும் மோதிக்கொள்ளும். தேனி அரவிந்த் கண் மருத்துவமனையையும் சுற்றுவட்டாரக் கண் பரிசோதனை மையங்களையும் வைஃபை மூலம் இணைத்த கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகக் குழுவினர், எரிக் புரூவர் தலைமையில் இதற்குத் தீர்வு கண்டார்கள். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் தனித்தனி மறுமொழி என்பதைக் கைவிட்டு, கட்டுக் கட்டாக அனுப்பி மொத்தமாக மறுமொழி பெறுவது, எந்த முனை எப்போது பேசலாம் என்று நேரத்தைப் பங்கிட்டுக் கொடுப்பது என்ற இரண்டும் சேர்ந்து, செயல்வேகத்தை இரண்டு முதல் ஐந்து மடங்கு வரை உயர்த்தியதாக அவர்கள் 2007-இல் எழுதினார்கள். நெடுந்தொலைவுக்கென இன்று கடையில் கிடைக்கும் ரேடியோக்கள் பலவும் இப்படி நேரம் பங்கிட்டே இயங்குகின்றன.

அதே குழு அடுத்த ஆண்டு வெளியிட்ட அனுபவக் குறிப்பு எனக்கு இன்னும் பயனுள்ளதாகத் தோன்றுகிறது. கிராமப்புற வலையமைப்பைப் படுக்கவைத்த காரணங்களில் மின்சாரத்தின் தரக்குறைவு முன்னணியில் நின்றது. திடீரென எகிறும் மின்னழுத்தம் கருவிகளைச் சுட்டது. அடிக்கடி விட்டு விட்டு வந்த மின்சாரம் நினைவக அட்டைகளில் இருந்த தரவைக் கெடுத்தது. மின்கலத்தில் அழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் கருவியை முழுதாக அணைத்துவிடும் சிறு மின்சுற்று ஒன்று இந்தத் தொல்லையைக் கணிசமாகத் தணிக்கும். ரவுட்டருக்குப் பல்லாயிரம் செலவழிப்பவர்கள் நல்ல மின்கலம், மின்னல் காப்பு, ஒழுங்கான எர்த் கம்பி ஆகியவற்றில் சிக்கனம் பார்ப்பது எனக்கு என்றுமே விளங்காத புதிர்.

எந்தக் குன்றிலிருந்தும் பார்வைக்கோடு கிடைக்காத இடத்துக்குச் செயற்கைக்கோள்தான் வழி. நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் கோளுக்குக் கேள்வி ஏறி இறங்கி, பதிலும் அப்படியே வந்து சேர, ஏறக்குறைய அரை நொடி கழிந்துவிடும். பெரிய கோப்பை இறக்குவதற்கு இது பொருட்டல்ல. ஒரு பக்கத்தைத் திறக்க இருபது முறை அடுத்தடுத்துக் கேட்டுப் பதில் பெறும் கணக்கு மென்பொருளிலோ பத்து நொடி வெறும் காத்திருப்பிலேயே போகும். வேகத்தை இரட்டிப்பாக்கினாலும் இந்தப் பத்து நொடி குறையாது. ஸ்டார்லிங்க் போன்ற செயற்கைக்கோள் இணையச் சேவைகள் 550 கிலோமீட்டர் அளவிலான தாழ்ந்த சுற்றுப்பாதையைத் தேர்ந்தது இதற்காகவே. ஆனால் அங்கே கோள் நகர்ந்துகொண்டே இருப்பதால், வானத்தின் ஒரு பெரும்பகுதி மரமும் மலையும் மறைக்காமல் திறந்திருக்க வேண்டும்.

தொழிலுக்கென்று இணைப்பு எடுப்பவர்கள் மாற்று வழி ஒன்றையும் வைத்துக்கொள்வது வழக்கம். ஒரு மாதத்தில் 99.5 விழுக்காடு நேரம் இயங்கும் என்ற உறுதிமொழிக்குள்ளேயே மூன்றரை மணி நேரத்துக்கு மேல் அறுந்து கிடக்க இடமிருக்கிறது. அது ஏற்றுமதிச் சரக்கு புறப்படும் நேரமாகவும் அமையலாம். இரண்டு நிறுவனங்களிடம் இரண்டு இணைப்பு எடுத்துவிட்டால் கவலை தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். மலைப்பாதை ஒன்றே ஒன்று என்றால் இரு நிறுவனங்களின் இழையும் அதே சாலையோரத்தில் போகக்கூடும். சாலை விரிவாக்கத்துக்கு வந்த ஜேசிபி ஒரே அள்ளலில் இரண்டையும் அறுத்துவிடும். மாற்றாக வைத்த 4ஜி சிம்மின் கோபுரமும் அதே இழையை நம்பியிருந்தால் அதுவும் உடன் படுத்துவிடும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன் இரு நிறுவனங்களிடமும் இழை செல்லும் பாதையின் வரைபடத்தைக் கேட்டு வாங்கி, அவை எங்கே ஒன்று சேர்கின்றன என்று பார்க்க வேண்டும். நகருக்குப் போகும் வழி முழுவதும் ஒன்றாகவே ஓடினால், இரண்டாவது இணைப்பை ரேடியோவாகவோ செயற்கைக்கோளாகவோ எடுப்பதற்குத்தான் அந்தப் பணம் உதவும்.